பிள்ளைகளை சிலம்பத்துல சேக்கலாமா கராத்தேல சேக்கலாமா? சண்டை போடறது தவிர வேற என்னதான் கத்துக்குவாங்க?

காரைக்குடி_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க காரைக்குடி செக்காலை பக்கம். பொண்ணு ஆறாவது படிக்கிறா, பையன் மூணாவது. பொண்ணு வாயே தொறக்க மாட்டா, கடையில மிச்சச் சில்லறை கொறைச்சுக் குடுத்தாக்கூட கேக்காம வந்துருவா, வகுப்புல யாராச்சும் அவ ஜாமெட்ரி பாக்ஸ எடுத்துக்கிட்டா வீட்டுக்கு வந்து எங்கிட்டதான் அழுவா. பையன் அதுக்கு நேர் எதிரு, கேரம்ல தோத்தா போர்டையே கவுத்துப்புடுவான். பாக்கறவங்க எல்லாம் ரெண்டு பேரையும் தற்காப்புக் கலையில சேத்துவிடு சரியாயிரும்ங்கறாங்க, ஒரே மருந்து ரெண்டு வேற வேற சீக்குக்கு எப்படிக் கேக்கும்னு எனக்குப் புரியல.

ஸ்கூல்ல சனி ஞாயிறு கராத்தே இருக்கு. எங்க தெருவுக்குப் பின்னாடி ஊரணிக்கரை பொட்டல்ல சாயந்தரம் சிலம்பம் சொல்லித் தர்றாங்க. ரெண்டு நோட்டீஸும் வாங்கிப் பாத்தேன், தன்னம்பிக்கை, ஒழுக்கம், ஞாபகசக்தி, தலைமைப்பண்புன்னு டானிக் பாட்டில் லேபிள் மாதிரி அடுக்கியிருக்கு. இதெல்லாம் நெசமாவே வருமா இல்ல சும்மா போடறதா? வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல இருக்காரு, மார்க் கொறைஞ்சா யாரு பொறுப்புங்கறாரு. எங்க அப்பத்தா ஒரு படி மேல போயி பொம்பளப் புள்ள கையில கம்பக் குடுத்தா நாளைக்கு யாரு கட்டுவாகன்னு கேக்குறாக. அனுபவம் உள்ளவங்க கொஞ்சம் சொல்லுங்க.

கம்புக்காரன்:

அக்கா, நான் கோட்டையூர் பக்கம். சின்ன வயசுலேருந்து ஆசான்கிட்ட கத்துக்கிட்டு இப்ப அவருக்கு உதவியா சின்னப் புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கறேன், அதனால சிலம்பத்துக்குச் சாதகமாத்தான் பேசுவேன், அதக் கழிச்சுக்கிட்டுப் படிங்க.

மொதல்ல ஒண்ணு, சேந்த அன்னைக்கே கம்பு கையில வராது. தரையத் தொட்டு வணக்கம், அப்புறம் காலடி, அதுக்கப்புறமும் காலடிதான். முன்ன ஒரு கால், பின்ன ஒரு கால், திரும்பு, மறுபடி திரும்பு, வெறும் கைய வீசிக்கிட்டு ஒரே எடத்துல. வர்ற புள்ளைகள்ல பாதிப் பேரு கம்பு எப்ப தருவீக கம்பு எப்ப தருவீகன்னு கேட்டே ஓஞ்சு போயி நின்னுரும். சலிப்பா இருக்கற ஒரு வேலைய நாளைக்கும் வந்து செய்யறதுதான் அந்தப் புள்ள மொதமொதல்ல கத்துக்கறது, நோட்டீஸ்ல யாரும் இதப் போட மாட்டாங்க ஏன்னா போட்டா யாரும் சேர மாட்டாங்க.

அப்புறம் நெத்தி ஒசரத்துக்கு அளந்து கம்பு குடுப்போம். சுத்த ஆரம்பிச்சா மொத அடி எதிராளிகிட்டருந்து வராது, தான் சுத்துற கம்பே தன் காதுல படும், முட்டியில படும், கணுக்கால்ல படும். இங்கதான் உங்க பையன் மாதிரிக் கோவக்காரப் புள்ளைகளப் பாக்கணும். யார் மேல கோவப்படுவான்? கம்பு மேலயா? ஒருத்தன் கம்பத் தூக்கி ஊரணிக்குள்ளயே வீசிட்டான். ஆசான் திட்டல, அடிக்கல. எறங்கி எடுத்துட்டு வரச் சொன்னாரு, தொடைச்சுக் கண்ணுல ஒத்திக்கச் சொன்னாரு, இன்னைக்கு நீ ஆட வேணாம், அவங்க ரெண்டு பேரு ஆடறாங்கள்ல, யாருக்கு எத்தன தொடுன்னு எண்ணிச் சொல்லுன்னு ஓரமா உக்கார வச்சிட்டாரு.

தொடுன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு, எதிராளி ஒடம்புல கம்பு நுனி பட்டா ஒரு தொடு, அம்புட்டுதான், ஓங்கி அடிக்கறது கணக்கில்ல. முன்ன எல்லாம் கம்பு நுனியில பொடி தடவி ஆடுவாங்கன்னு பெரியவங்க சொல்லுவாங்க, பட்ட எடத்துல அடையாளம் விழுந்துரும். இப்ப பழகறப்ப பொடி கிடையாது, பட்டவன்தான் கையத் தூக்கி பட்டுச்சுன்னு சொல்லணும். அந்தப் பையன் கொஞ்ச நாளு ஓரமா உக்காந்து அவனுக்குப் பட்டுச்சு அவன் சொல்லல, அவனுக்குப் பட்டுச்சு அவன் சொல்லலன்னு எல்லாரையும் காட்டிக் குடுத்துக்கிட்டே இருந்தான். அப்புறம் அவனே ஆட எறங்கினப்ப முட்டியில லேசா ஒரசினதுக்கே கையத் தூக்கிட்டான், ஆசானுக்கே தெரிஞ்சிருக்காது அது. வீட்டுல இன்னும் கோவப்படறானாம், அவங்கம்மா சொன்னாங்க, அது ஒரேயடியா எல்லாம் போகாது. ஆனா தோத்தா ஒத்துக்கறான்.

பொண்ணு விஷயம். எங்ககிட்ட வரிசை எடுக்கறப்ப, அதாவது காலடியையும் வீச்சையும் அடுத்தடுத்துக் கோத்துச் செய்யறப்ப, எண்ணிக்கைய ஆளுக்கு ஒருத்தரா மாறி மாறிச் சத்தம் போட்டுச் சொல்லணும், கடைசி வரிசைல நிக்கிறவனுக்குக் கேக்கலன்னா மறுபடி மொதல்லேருந்து. வாய் தொறக்காத புள்ள மொத வாரம் முணுமுணுக்கும், மத்த புள்ளைகளுக்குக் கால் வலிக்கும்ல, சத்தமாச் சொல்லுடின்னு அதுகளே கத்தும். பேச்சுப் போட்டில ஏத்தி விடறத விட இது லேசு, ஏன்னா என்ன பேசணும்னு யோசிக்க வேண்டியதில்ல, ஒண்ணு ரெண்டு மூணுதான்.

பள்ளத்தூரான்:

தம்பி சொன்னது எல்லாம் சரி, அதுல இருக்கற வியாபாரத்தையும் யாராச்சும் சொல்லணும்ல. என் பையன் கராத்தே போனான், எந்தக் கிளாஸ்னு சொல்லல. மாசப் பீஸ் தனி, யூனிஃபார்ம் தனி, மூணு மாசத்துக்கு ஒரு பெல்ட் டெஸ்ட், அதுக்குப் பீஸ், பெல்ட்டுக்குக் காசு, சர்ட்டிஃபிகேட்டுக்குக் காசு. வெள்ளை மஞ்சள் ஆரஞ்சு பச்சைன்னு போயி ரெண்டு வருஷத்துக்குள்ள பிளாக் பெல்ட் வாங்கித் தர்றோம்னாங்க, ஒம்பது வயசுப் பையனுக்கு. ஒழுங்காச் சொல்லித் தர்ற எடத்துல அதுக்குப் பல வருஷம் ஆகும். டெஸ்ட்ல ஒரு புள்ளகூட ஃபெயில் ஆகலன்னா அது டெஸ்ட்டே இல்ல, புள்ளைக்கு அதுலேருந்து வர்ற ஒரே பாடம் காசு கட்டினா கெடைக்கும்ங்கறதுதான்.

இந்த பெல்ட்டெல்லாம் ஏதோ ஆயிரம் வருஷப் பழசுன்னு நெனச்சிக்கிறாங்க. 1882ல ஜூடோங்கற ஜப்பான் மல்யுத்தக் கலைய ஆரம்பிச்ச ஜிகோரோ கானோதான் அந்தத் தர முறைய ஏற்படுத்தினது, கராத்தேக்காரங்க அவர்கிட்டருந்து எடுத்துக்கிட்டாங்க. தப்பில்ல, சின்னப் புள்ளைக்கு அடுத்து என்னன்னு கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒண்ணு வேணும். ஆனா கலர் மாறுறதுக்காகவே போனான்னா கலர் முடிஞ்சதும் நின்னுருவான், எங்க வீட்டுல நடந்தது அதான்.

சிலம்பத்துலயும் இப்ப இது வந்துருச்சு. உலக சாதனைன்னு சொல்லி புள்ளைகள வெயில்ல மணிக்கணக்கா நிக்க வச்சு கம்பு சுத்த வைக்கிறது, பானை மேல நின்னு சுத்து ஆணி மேல நின்னு சுத்துன்னு, அதுக்கு நுழைவுக் கட்டணம், கலந்துக்கிட்ட அத்தன பேருக்கும் மெடல். அதுல புள்ளைக்கு என்ன வரும்னு எனக்குத் தெரியல, அமைப்பாளருக்கு வரும்.

பி_டி_சார்_தேவகோட்டை:

உடற்கல்வி ஆசிரியரா வேலை பாக்கறேன், ரெண்டு வார்த்தை. தற்காப்புக் கலை கத்துக்கிட்டாலே ஒழுக்கம் வந்துரும்னு நானும் மேடையில பேசறதுதான், ஆனா அப்படித் தானா வராது. 1986ல ட்ருல்சன்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர், போலீஸ் கேஸ் அது இதுன்னு போற வயசுப் பசங்கள மூணு குழுவாப் பிரிச்சு ஆறு மாசம் பாத்தாரு. ஒரு குழுவுக்கு பழைய முறையில டேக்வாண்டோ (கராத்தே மாதிரி ஒரு கொரியக் கலை), அதாவது தியானம், மரியாதை, அந்தக் கலையோட தத்துவம் எல்லாம் சேத்து. இன்னொரு குழுவுக்கு வெறும் சண்டை மட்டும். மூணாவது குழு ஓட்டம், பாஸ்கெட்பால். மொதக் குழுப் பசங்களுக்கு முரட்டுத்தனம் கொறைஞ்சது, சண்டை மட்டும் கத்துக்கிட்டவங்களுக்கு முன்ன இருந்தத விட ஜாஸ்தியாச்சு. சின்ன ஆய்வுதான், அதுவே வேதவாக்கு இல்ல, ஆனா நான் ஸ்கூல்ல கண்ணால பாக்கறதோட ஒத்துப் போகுது. கையில காலுல பலம் வந்துருச்சு, அத எங்க வைக்கணும்னு யாரும் சொல்லலன்னா ரீசஸ்ல அடுத்தவன் மேல வைப்பான்.

2004ல லேக்ஸ், ஹாய்ட்னு ரெண்டு பேரு எல்கேஜி தாண்டின புள்ளைலேருந்து அஞ்சாவது வரைக்கும் ஒரு ஸ்கூல்ல மூணு மாசம் பாத்தாங்க, பாதிப் பேருக்கு வழக்கமான பி.டி. பீரியட், பாதிப் பேருக்கு டேக்வாண்டோ. டேக்வாண்டோ புள்ளைகளுக்கு தன்னத்தானே கட்டுப்படுத்தறது, வகுப்புல நடந்துக்கறது நல்லா இருந்துச்சு, மனக்கணக்குலயும் கொஞ்சம் முன்னேற்றம். சிங்கப்பூர்ல இருக்கறவருக்கு இந்த மனக்கணக்க மட்டும் சொல்லுங்க போதும். ஆனா நேர்மையாச் சொல்லணும்னா பரீட்சை மார்க் ஏறும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். சாயந்தரம் ஒரு மணி நேரம் போயிட்டு வந்தா மார்க் கொறையாதுன்னு மட்டும் சொல்லுவேன், அந்த ஒரு மணி நேரம் வீட்டுல இருந்தா படிச்சிருமாக்கும்?

அப்புறம் கபடி ஆடினா, ஃபுட்பால் ஆடினா இதெல்லாம் வராதான்னு கேப்பீங்க. நெறைய வரும். எனக்குத் தெரிஞ்சு வித்தியாசம் ஒண்ணு, இதுல எதிர நிக்கிறவன் எதிரி இல்ல, கூடப் படிக்கிறவன். அவன ஒடச்சுப் போட்டா நாளைக்குப் பழகறதுக்கு ஆள் கெடையாது. அதனால அவனோட பலம் எவ்வளவு, எட்டு வயசுக்காரன்கிட்ட எப்படி அடிக்கணும் பதினஞ்சு வயசுக்காரன்கிட்ட எப்படின்னு கைய அளந்து வைக்கப் பழகுவான். அத நல்ல வாத்தியார்தான் சொல்லித் தர முடியும், எந்தக் கலைங்கறது ரெண்டாவது.

சும்மா_ஒருத்தன்:

எல்லாம் சரி சார், பொண்ணுங்களுக்குத் தற்காப்புன்னு கவர்மென்ட் ஸ்கூல்ல மூணு மாசம் கராத்தே சொல்லித் தர்றாங்களே, அதுல என்ன தேறும்? மூணு மாசத்துல நாலு குத்து கத்துக்கிட்டு எம்பது கிலோ ஆளு மேல பாயச் சொல்றீங்களா? பொய்யான தைரியம் இல்லாம இருக்கறதே மேல்.

புதுவயல்_பொண்ணு:

அண்ணே நீங்க கேக்கறது நியாயமான கேள்விதான், பதில் சொல்றேன். நான் ஸ்கூல்ல கராத்தே, காலேஜ்ல கோயம்புத்தூர் ஹாஸ்டல்ல இருந்தப்ப ஜூடோ. இதுவரைக்கும் ஒருத்தரையும் அடிச்சதில்ல, அடிக்க வேண்டி வந்ததும் இல்ல. எங்க மாஸ்டர் மொத நாளே சொன்னாரு, ஓட முடிஞ்சா ஓடு, ஓடறதுக்கு வழி கெடைக்கற வரைக்கும்தான் மிச்சம் எல்லாம்னு. எம்பது கிலோ ஆளு மேல பாயச் சொல்லி எந்த நல்ல மாஸ்டரும் சொல்ல மாட்டாரு.

ஆனா பயன்படலையான்னா பயன்பட்டுச்சு. பஸ்ல ஒருத்தரு பக்கத்துல வந்து ஒரசிக்கிட்டே நின்னாரு. முன்ன இருந்த நானா இருந்தா பைய மாத்திப் பிடிச்சிக்கிட்டு ஸ்டாப் வர்ற வரைக்கும் சுருங்கி நின்னிருப்பேன். கராத்தேல கியாய்னு ஒரு சத்தம் போடச் சொல்லுவாங்க, வயித்துலேருந்து வரணும், தொண்டைலேருந்து வந்தா மறுபடி போடச் சொல்லுவாங்க. அதே எடத்துலேருந்து வந்துச்சு, 'தள்ளி நில்லுங்க சார்'னு. மரியாதையாத்தான் சொன்னேன் ஆனா டிரைவர் வரைக்கும் கேட்டுச்சு. அவரு அடுத்த ஸ்டாப்ல எறங்கிட்டாரு. எதிராளி எவ்வளவு தூரத்துல நிக்கிறான், கை நீட்டினா எட்டுமா, வாசல் எந்தப் பக்கம்னு யோசிக்காமலே பாத்துக்கறதும் அங்கருந்து வந்ததுதான்.

ஜூடோல மொத வேலையே கீழ விழறது. நாடியக் கழுத்தோட ஒட்டிக்க, தலை தரையில படக் கூடாது, கைய ஊணாத, முன்கையோட பட்டுனு தரையத் தட்டு, உருளு. ஒரு மாசம் விழுந்து விழுந்து எந்திரிக்கறது, வேற ஒண்ணும் கெடையாது, ஹாஸ்டல்ல சிரிப்பாச் சிரிச்சாங்க. போன மழைக்கு காரைக்குடி ரோட்டுல ஸ்கூட்டி வழுக்கி விழுந்தப்ப ஒடம்பு அதுவா உருண்டுச்சு, முழங்கையில சிராய்ப்போட போச்சு. ஹெல்மெட் போட்டிருந்தேன், அதையும் சொல்லிடறேன், இல்லன்னா ஜூடோ இருந்தா ஹெல்மெட் வேணாம்னு யாராவது கெளம்பிருவீங்க.

இன்னொண்ணு, வேண்டாம்னு சொல்லப் பழகறது. ஜூடோல பிடி தாங்க முடியலன்னா ரெண்டு தட்டு தட்டணும், தட்டின அந்த நிமிஷம் எதிராளி விட்டுரணும், அதுல விவாதமே கெடையாது. நாம போதும்னு சொன்னா அடுத்தவங்க நிறுத்துவாங்க, அடுத்தவங்க சொன்னா நாமளும் நிறுத்தணும். பொண்ணுங்களுக்கு மட்டும் இல்ல, பசங்களுக்கும் இத சின்ன வயசுலயே ஒடம்புல ஏத்திவிட்டா நல்லது.

கானாடுகாத்தான்_மருமக:

அப்பத்தாவுக்கு என் சார்பா ஒரு பதில் சொல்லுங்க. ஒக்காந்திருக்கறது சிவகங்கைச் சீமையில. வேலு நாச்சியார் ராமநாதபுரம் அரண்மனையில ஒத்தப் பொண்ணாப் பொறந்து சிலம்பம், வாள்வீச்சு, குதிரையேத்தம் எல்லாம் கத்துக்கிட்டு வந்தவுக, அவுகளயும் கட்டிக்கிட்டுத்தான் வந்தாரு நம்ம முத்து வடுகநாதர். யாரு கட்டுவாகன்னா ராசா கட்டுவாரு, போதுமா?

வெளையாட்டு போகட்டும், அதுல எனக்குத் தோணுற விஷயம் வேற. 1772ல காளையார்கோவில்ல புருசன் செத்ததும் அவுக வாளத் தூக்கிட்டு அன்னைக்கே பாஞ்சிருந்தா கத அன்னைக்கே முடிஞ்சிருக்கும். பொண்ணையும் கூட்டிக்கிட்டு வெளியேறி, திண்டுக்கல் பக்கம் விருப்பாச்சியில தங்கி, ஹைதர் அலிகிட்ட படை கேட்டு, அவருகிட்ட உருதுலயே பேசினாகன்னு சொல்லுவாங்க, மருது சகோதரர்கள வச்சு ஆளு தெரட்டி, 1780லதான் சிவகங்கையத் திரும்பப் பிடிச்சாக. எப்பப் பின்வாங்கணும், யாருகிட்ட உதவி கேக்கணும்னு தெரிஞ்சதுனாலதான். நம்ம புள்ளைகளுக்கு உதவி கேக்கறதுக்கே கூச்சம், கணக்கு புரியலன்னு டீச்சர்கிட்ட போயி நிக்காது. என் பொண்ணு சிலம்பத்துக்குப் போனதுலேருந்து பெரிய அக்காமாருகிட்ட இந்தச் சுத்து எப்படிக்கா, கை எங்கக்கா மாத்தறதுன்னு கேட்டுக் கேட்டுப் பழகி, இப்ப ஸ்கூல்லயும் கைய தூக்குது.

காரைக்குடி_அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அப்பத்தாகிட்ட ராசா கட்டுவாருன்னு சொன்னேன், வெத்தலைய மென்னுக்கிட்டே 'ராசா எங்கடி இருக்கான் இப்ப'ன்னுட்டாக, ஆனா மறுநா சாயந்தரம் ஊரணிக்கரைக்கு எங்ககூட அவுகளும் வந்து படியில உக்காந்து பாத்தாக. ஒருவிதமாச் சம்மதம்தான்னு நெனக்கிறேன். ரெண்டு பேரையும் இப்போதைக்குச் சிலம்பத்துலயே போடலாம்னு இருக்கேன், பக்கத்துலயும் இருக்கு பீஸும் கம்மி.

இன்னும் ரெண்டு சந்தேகம். பொண்ணு வயசுக்கு வர்ற நேரம், அந்த நாள்கள்ல அனுப்பலாமா? சொல்லித் தர்றவங்க ஆம்பளைங்கதான், அத எப்படிப் பாக்கறது? அப்புறம் சிலம்பத்துக்கு அரசு வேலையில ஒதுக்கீடு இருக்குன்னு ஒருத்தர் சொன்னாரு, நெசமா?

பி_டி_சார்_தேவகோட்டை:

கடைசிக் கேள்விக்கு மொதல்ல. இருக்கு, 2021ல அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டுல சிலம்பத்தையும் சேத்தாங்க. 2024 ஜனவரில தமிழ்நாட்டுல நடந்த, மத்திய அரசோட கேலோ இந்தியா இளைஞர் போட்டியிலயும் காட்சி விளையாட்டா வச்சாங்க. ஆனா எல்லாச் சர்ட்டிஃபிகேட்டும் செல்லாது, பேருக்கு முன்னாடி இன்டர்நேஷனல்னு போட்டிருந்தா இன்னும் ஜாக்கிரதையா இருங்க. எந்தப் போட்டி கணக்குல வரும்னு சிவகங்கை மாவட்ட விளையாட்டு அலுவலகத்துல கேட்டுட்டு அப்புறம் காசு கட்டுங்க. ஆறாவது படிக்கிற புள்ளகிட்ட இப்பவே வேலையப் பத்திப் பேச வேணாம், அதுக்கே வெறுத்துப் போயிரும்.

ஆம்பள ஆசான்ங்கறது பிரச்சனை இல்ல, மூடின அறையில பெத்தவங்கள உள்ள விடாம நடத்தறதுதான் பிரச்சனை. எப்ப வந்து வேணா பாக்கலாம்னு சொல்றாங்களா, கை காலச் சரி பண்றப்ப கம்பால காட்டித் திருத்தறாரா இல்ல எதுக்கெடுத்தாலும் தொடறாரா, தனியா ஸ்பெஷல் கிளாஸ்னு கூப்புடறாங்களா, இத நாலு நாள் போயி உக்காந்து பாத்தாலே தெரிஞ்சிரும். புள்ளைகிட்டயும் சொல்லி வைங்க, ஆசானா இருந்தாலும் புடிக்காத மாதிரி தொட்டா சொல்லணும்னு. மரியாதைங்கற பேர்ல வாய மூடப் பழக்கற எடம்னா அடுத்த நாளே நிறுத்திருங்க.

கம்புக்காரன்:

அக்கா, அந்த நாள்கள்ல வர்றது அந்தப் புள்ள இஷ்டம். எங்ககிட்ட பெரிய புள்ளைக சிலது வரும், வலி இருந்தா வராது, வந்தாலும் குதிக்கிற வரிசைய விட்டுட்டு கை வீச்சு மட்டும் பண்ணும். காரணம் கேக்கறதில்ல, பெரிய அக்காமாருகிட்ட சொல்லிட்டு ஓரமா உக்காரலாம்.

சேக்கறப்ப புதுக் கம்பு வாங்கிராதீங்க, ஆசான்கிட்ட பழைய கம்பு இருக்கும், இந்த வயசுல சீக்கிரம் வளந்துருவாங்க நெத்தி அளவு மாறிரும். தொளதொள சுடிதார் வேணாம், துப்பட்டா வேணவே வேணாம், பேன்ட் டீசர்ட் போதும். நகத்த ஒட்ட வெட்டிவிடுங்க, தோடு வளையல் கழட்டிருங்க. செம்மண் பொட்டல்ங்கறதால வெள்ளை உடுப்பு போட்டு அனுப்பினா தொவைக்கறது உங்களுக்குத்தான் கஷ்டம். பையன மட்டும் பொண்ணோட ஜோடி போட விடாதீங்க, அக்கா தம்பி எதிர எதிர நின்னா வீட்டுச் சண்டையும் சேந்து வந்துரும், ஆசான்கிட்ட மொதல்லயே சொல்லிருங்க.